தெருமுனைக் கடையும் தய்யிபான உணவும்

அல்லாஹுத்தஆலா தன் திருமறையில் உண்ணுவதைப் பற்றிப் பேசுமிடத்து ஹலால் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடவில்லை. ஹலால், தய்யிப் என்னும் இரண்டு சொற்களையும் நான்கு இடங்களில் ஜோடியாகச் சேர்த்தே சொல்லியிருக்கின்றான். அல்பகரா, அல்மாயிதா, அல்அன்ஃபால், அந்நஹ்ல் ஆகிய சூராக்களை ஓதுகின்றவர்கள் இதனை அறிவார்கள். ஹலால் என்பது மார்க்கம் அனுமதித்தது. தய்யிப் என்பதற்கு, தன்னளவில் நல்லதாயும் உடலுக்கும் புத்திக்கும் தீங்கு செய்யாததாயும் இருப்பது என்று இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரில் விளக்கம் தருகின்றார்கள்.

இவ்விரண்டில் முதலாவதைப் பற்றி நாம் வெகு எச்சரிக்கையாகத்தான் இருக்கின்றோம். கறிக்கடைக்குப் போனால் அறுத்தவர் யார் என்று கேட்கின்றோம். வெளியூர் ஹோட்டலில் அமருமுன் பலகையை ஒருமுறைக்கு இருமுறை பார்க்கின்றோம். மிட்டாயில் ஜெலட்டின் கலந்திருக்குமோ என்று ஐயுற்று ஆலிம்களிடம் போய்க் கேட்கின்ற தாய்மார்களும் நம்மிடையே உண்டு. எல்லாம் பேணுதலான செயல்கள்தாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த இரண்டாவது சொல் இருக்கின்றதே, அது நம் வீட்டுக்குள் நுழைய வழியின்றித் தெருமுனைக் கடை வாசலிலேயே நின்றுவிடுகின்றது.

திண்டுக்கல் நகரத்து நாகல் நகரை எடுத்துக்கொள்வோம். சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி அது. நம் சமுதாயத்தார் உட்பட எல்லா மக்களும் கலந்து வாழ்கின்றார்கள். சந்துகளும் குறுக்குத் தெருக்களும் நிறைந்த இப்படிப்பட்ட இடத்தில் நாற்பது ஐம்பது வீடுகளுக்கு ஒரு சிறு கடை இருக்கும். அண்ணாச்சி கடையானாலும் பாய் கடையானாலும் கடையின் முகம் ஒன்றுதான். முன்னால் சரஞ்சரமாகத் தொங்கும் 5 ரூபாய், 10 ரூபாய்ப் பாக்கெட்டுகள்; கண்ணாடி ஜாடிகளில் மிட்டாய்; குளிர்பானப் பெட்டி; பன், ரஸ்க், வறுவல். உள்ளே அரிசி, பருப்பு, எண்ணெய். ஒரு மூலையில் சாக்கின் மேல் கொஞ்சம் வெங்காயமும் தக்காளியும் கிடந்தால் அதிகம். கீரையும் பழமும் அபூர்வம்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. திண்டுக்கல்லிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் போனால் ஒட்டன்சத்திரம். அங்கே கூடும் காய்கறிச் சந்தை தமிழகத்தின் பெரிய சந்தைகளில் ஒன்று. முருங்கையும் கத்தரியும் அவரையும் மூட்டை மூட்டையாக லாரியேறிக் கேரளம் போகின்றன. இன்னொரு பக்கம் சிறுமலை. அதன் வாழைப்பழம் புவிசார் குறியீடு பெற்ற பழம். மேலே போனால் கொடைக்கானல் காரட். இத்தனைக்கும் நடுவில் இருக்கின்ற ஊரில், மாலை மங்கிய பிறகு பிள்ளைக்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்க வேண்டுமென்றால் உப்புப் பாக்கெட்டுதான் கைக்கு எட்டுகின்றது.

இதன் விளைவு கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு இந்நோய். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். அதே வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். ஒரே தெருவில், ஏன் ஒரே உடம்பில்கூட, இரத்தமின்மையும் பருமனும் சேர்ந்திருக்கின்றன. வயிறு நிரம்புகின்றது, சத்து சேரவில்லை. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 2 கிலோ! நம் வீடுகளில் இத்தனை தினமும் வருகின்றதா என்று அவரவரே பார்த்துக்கொள்ளலாம்.

சிலர் கேட்கலாம்: நியாயவிலைக் கடை இருக்கின்றது, உழவர் சந்தை இருக்கின்றது, இன்னும் என்ன வேண்டும் என்று. நியாயவிலைக் கடை அரிசியை 2011 ஜூன் முதல் விலையின்றித் தருகின்றது. பருப்பும் பாமாயிலும் சர்க்கரையும் மலிவாகக் கிடைக்கின்றன. பசியை விரட்டியதில் அதன் பங்கு பெரிது. ஆனால் கீரை அங்கே இல்லை. உழவர் சந்தை 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது, திண்டுக்கல்லிலும் உண்டு. ஆனால் அது காலைச் சந்தை. விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டு மாலையில் கூலியைக் கையில் வாங்குகின்ற பெண் காலைச் சந்தைக்கு எப்படிப் போவாள்? அவளுக்குச் சந்தை என்பது வீட்டுக்குப் போகும் வழியிலுள்ள கடைதான். கையில் காசு இல்லாத நாளிலும் நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் கொடுக்கின்றவர் அந்தக் கடைக்காரர் ஒருவர்தான். ஏழை எங்கே கடன் கிடைக்குமோ அங்கேதான் வாங்க முடியும். ஆகவே அந்தக் கடையில் என்ன இருக்கின்றது என்பதே அந்த ஏழை என்ன உண்ணுகின்றாள் என்பதைத் தீர்மானிக்கின்றது.

இந்த இடத்தில்தான் கேள்வி பிறக்கின்றது. தீங்கு தரும் தீனியை அடுக்கி வைத்து, நல்ல உணவை வைக்காமலிருக்கும் கடைக்காரர் குற்றவாளியா?

ஆமென்று சொல்லிவிடுவது எளிது. மிம்பரில் நின்று சாடுவது அதைவிட எளிது. ஆனால் மார்க்கச் சட்டத்தை அவ்வளவு அவசரமாகக் கையாளக் கூடாது. திராட்சைச் சாற்றை மதுவாக்குவான் என்று தெரிந்த ஒருவனுக்கு விற்கலாமா என்ற மஸ்அலாவிலேயே, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அந்த வியாபாரம் செல்லும் என்றார்கள். அவர்களின் இரு மாணவர்களும் அது மக்ரூஹ் என்றார்கள். மதுவிலேயே இவ்வளவு நிதானம் காட்டப்பட்டிருக்க, உருளைக்கிழங்கு வறுவலை ஹராம் என்று கூவுவதற்கு நாம் யார்? எப்போதேனும் தின்றால் தீங்கில்லாத பொருள் அது. நாள்தோறும், சோற்றுக்குப் பதிலாக, சின்னஞ்சிறு பிள்ளைகள் தின்னும்போதுதான் தீங்காகின்றது. அந்த “நாள்தோறும்” என்பதைக் கடைக்காரர் ஒருவரே உண்டாக்கவில்லை. காசு கொடுத்தனுப்புகின்ற அத்தாவும் அம்மாவும் அதிலே பங்குதாரர்கள்.

மேலும் கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். பாக்கெட் ஆறு மாதம் கெடாது. கம்பெனி வண்டி வாசலுக்கே வந்து இறக்குகின்றது. குளிர்பானம் விற்பவன் குளிர்பெட்டியையும் தருகின்றான். கீரை அப்படியா? விடியுமுன் எழுந்து மார்க்கெட்டுக்குப் போய், தூக்கி வந்து, தண்ணீர் தெளித்து, நண்பகல் வெயிலில் காத்து, அந்தியில் மிஞ்சியதை ஆட்டுக்குப் போட வேண்டும். பத்துக் கட்டு வாங்கி நான்கு கட்டு மிஞ்சினால் அன்றைய உழைப்பு வீண். இலாபம் என்பது பொருளுக்குப் பொறுப்பேற்றவருக்கே உரியது என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் உண்டு. நம் தெருவிலோ கணக்கு தலைகீழ்: கீரையின் நன்மை நாற்பது வீட்டுக்கும் வேண்டும், வாடிப்போகும் நட்டம் மட்டும் ஒருவர் தலையில். இது என்ன நீதி?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், வியாபாரி தன் தொழிலால் ஃபர்ளு கிஃபாயாக்களில் ஒன்றை நிறைவேற்றுவதாக நிய்யத் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கின்றார்கள். தொழில்களும் வாணிபங்களும் கைவிடப்பட்டால் மக்கள் வாழ்வே நின்றுபோகும் என்பது அவர்கள் காட்டும் காரணம். ஃபர்ளு கிஃபாயா என்றால் என்ன? ஜனாஸாத் தொழுகை போல, சிலர் செய்தால் மற்றவர் கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. நாம் ஃபத்வா கொடுக்கவில்லை; அது நம் வேலையுமன்று. ஆனால் இந்த எண்ணத்தை நம் தெருவுக்குப் பொருத்திப் பார்க்கலாம் அல்லவா? ஒரு மஹல்லாவில் அடக்கவிலைக்கு நல்ல உணவு கிடைக்கவில்லையென்றால், அது கடைக்காரர் ஒருவர் கணக்கில் எழுதப்படும் குறையன்று. அந்த மஹல்லாவின் பொதுக் கணக்கில் நிற்கின்ற பாக்கி.

அந்தப் பாக்கியில் பெரும்பங்கு யாருடையது என்றால், வசதியுள்ளவர்களுடையது என்போம். கொஞ்சம் கசப்பான பேச்சுதான். கையில் ரொக்கம் உள்ளவர்கள் மாதச் சாமானைப் பெரிய கடைகளில் வண்டியோடு போய் வாங்கி வருகின்றார்கள். இப்போது செல்போனிலேயே வாசலுக்கு வந்துவிடுகின்றது. தெருக்கடைக்கு மிஞ்சுவது யார்? கடன் சொல்லுபவர்கள். மறந்துபோன ஒரு தீப்பெட்டிக்கும், விருந்தாளி வந்த அவசரத்துக்கும் மட்டும் வசதியுள்ளவர் அங்கே எட்டிப்பார்ப்பார். அதிலும் சிலர் சில்லறை இல்லையென்று நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு வாரக்கணக்கில் மறந்துவிடுவார்கள். கொடுக்கச் சக்தியுள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவது அநியாயம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரியில் பதிவாகியிருக்கின்றது. ரொக்கம் முழுவதும் தெருவை விட்டு வெளியே போய்விட்டால், கடைக்காரர் எந்தப் பணத்தைக் கொண்டு விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போவார்?

கடைக்காரர்களுக்கு நல்ல பொருள் விற்க மனமில்லை என்பாருக்கு நாம் ஒன்றைக் காட்டுவோம். ரமளான் பிறை பார்த்த மறுநாள் அதே பெட்டிக்கடையைப் போய்ப் பாருங்கள். தொங்குகின்ற பாக்கெட்டுகளுக்கு முன்னால் பேரீச்சம்பழம் வந்து உட்கார்ந்திருக்கும்! யாரும் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. நோன்பு திறக்க ஊரே பேரீச்சம்பழம் கேட்கும், கேட்பது நிச்சயம் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். பெருநாள் கழிந்ததும் அது மறைந்துவிடும். (பேரீச்சம்பழம் வாடாது, கீரை வாடும் என்ற வேற்றுமை இருக்கத்தான் செய்கின்றது.) கேட்பது நிச்சயமானால் வைப்பதும் நிச்சயமாகும். உபதேசத்தைவிட உறுதியான கிராக்கி வலியது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்லுகின்றது. அமெரிக்காவில் பிலடெல்பியா என்னும் நகரில் ஏழைகள் வாழும் பகுதிகளின் நிலை நம் சந்துகளைப் போன்றதுதான். முனைக்கு முனை சிறுகடை, கடை நிறைய வறுவலும் மிட்டாயும் இனிப்புப் பானமும். பள்ளிப் பிள்ளைகள் அங்கே என்ன வாங்குகின்றார்கள் என்று ஆராய்ந்து 2009இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிள்ளை ஒருமுறை கடைக்குப் போனால் சராசரியாக 1 டாலர் 7 சென்ட் செலவழித்து 350 கலோரிக்கு மேற்பட்ட தீனியோடு திரும்பியது. ஃபுட் டிரஸ்ட் என்ற அமைப்பு 2004 முதலே அந்தச் சிறுகடைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, பழமும் காயும் வைப்பதற்கு அலமாரியும் குளிர்பெட்டியும் கொடுத்து, பயிற்சியும் அளித்து வந்தது. நல்ல முயற்சி, நூற்றுக்கணக்கான கடைகள் சேர்ந்தன. ஆனால் பிள்ளைகள் வாங்குவது மாறியதா என்று அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானபோது, அவர்கள் வாங்கிய தீனியின் கலோரியில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. கடையில் பழம் வந்தது. பிள்ளையின் கை பழைய இடத்துக்கே போயிற்று. கடையை மட்டும் திருத்தினால் போதாது, வாங்குகின்ற வீட்டையும் கூடவே கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குகைத் தோழர்களின் வரலாற்றைத் திருமறை சொல்லுமிடத்தில் ஒரு நுட்பம் இருக்கின்றது. நெடுந்துயிலிலிருந்து விழித்த அவர்கள், பசி தாங்காமல், தங்களில் ஒருவரை வெள்ளிக்காசோடு நகருக்கு அனுப்பியபோதும், எந்த உணவு தூய்மையானது என்று பார்த்து வாங்கி வரும்படியே சொல்லியனுப்பினார்கள். கிடைத்ததை வாங்கி வா என்று சொல்லவில்லை. கடைக்குப் பிள்ளையை அனுப்பும்போது கையில் காசை வைத்து “எதையாவது வாங்கித் தின்னு” என்கின்றோமே, அந்தச் சொல்லோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, வீட்டையும் கடையையும் ஒருசேரக் கட்டுவது எப்படி? மார்க்கத்திலேயே ஒரு வழி இருக்கின்றது. அதன் பெயர் ஸலம். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் ஓராண்டு ஈராண்டு முன்கூட்டியே பேரீச்சங்கனிக்குப் பணம் கொடுத்து வந்தார்கள். அதை அவர்கள் தடுக்கவில்லை. முன்பணம் கொடுப்பவர் அளவையும் எடையையும் தவணையையும் தெளிவாக்கிக்கொள்ளட்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இது. விளைவிப்பவனுக்கு முன்பணம் கிடைத்தது. வாங்குபவனுக்குப் பொருள் உறுதியாயிற்று.

இதையே நம் தெருவில் செய்து பார்க்கலாம். எடுத்துக்காட்டாக இருபது வீட்டார் சேர்ந்து, அடுத்த மாதம் நாள்தோறும் வீட்டுக்குக் கால் கிலோ கீரை என்று பேசி, ஒரு மாதப் பணத்தை முன்னரே கடைக்காரரிடம் கொடுக்கின்றார்கள். நாளொன்றுக்கு 5 கிலோ. விற்குமோ விற்காதோ என்ற அச்சம் அவருக்கு இல்லை; மார்க்கெட்டில் ரொக்கமாக வாங்கலாம்; மிஞ்சி வாடுவதற்கும் ஏதுமில்லை. அந்த 5 கிலோவோடு இன்னும் 2 கிலோ சேர்த்துக் கொண்டுவர அவருக்கு வண்டிச் செலவு கூடாது. அந்த 2 கிலோவைத்தான் மாலையில் கூலியோடு வரும் பெண் வாங்குவாள்.

கீரையைக் கட்டுக் கணக்கில் பேசாமல் எடைக் கணக்கில் பேசியதற்குக் காரணம் உண்டு. நம் அரபி மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் ஹிதாயாவில், பசுந்தழையைக் கட்டுக் கணக்கில் ஸலம் பேசுவது கூடாது என்று வருகின்றது. கட்டுக்குக் கட்டு வேறுபடும், பின்னால் தகராறு வரும் என்பதே காரணம். கீரைக்காரம்மாவிடம் கட்டு சிறுத்துவிட்டது என்று சண்டை போட்ட எவருக்கும் இந்தச் சட்டத்தின் அருமை புரியும்! முட்டைக்கு எண்ணிக்கையே போதும். அவை ஏறக்குறைய ஒத்த அளவின. பணம் முழுவதையும் பேசும்போதே கொடுத்துவிட வேண்டும். தவணை குறைந்தது ஒரு மாதம் என்பது ஹனஃபி மத்ஹபில் ஏற்கப்பட்ட சொல். மழையால் கீரை வரவில்லையென்றால் காத்திருக்கலாம், அல்லது கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறலாம். அதற்குப் பதில் பிஸ்கோத்துப் பாக்கெட்டைத் தந்து சரிக்கட்டுவது கூடாது. கடைப்பிடிக்கு முன் மஹல்லாவின் ஆலிமிடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது; ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்களுக்குச் சில நிபந்தனைகள் வேறுபடும்.

கீரையா, அதற்கு இத்தனை பேச்சா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. கறியில்லாத சாப்பாடு சாப்பாடே அன்று என்று எண்ணுகின்ற வீடுகள் நம்மில் அதிகம். ஸஹ்லு இப்னு ஸஅது (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கின்றது. மதீனாவில் ஒரு மூதாட்டி, தம் தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில் ஸில்க் என்னும் கீரையை வளர்த்து வந்தார். ஜும்ஆ நாளில் அதன் வேரை எடுத்துப் பானையிலிட்டு, ஒரு பிடி வாற்கோதுமையை அரைத்துச் சேர்த்துச் சமைப்பார். அதில் கொழுப்புமில்லை, நெய்யுமில்லை. ஜும்ஆ தொழுதுவிட்டு ஸஹாபாக்கள் அவர் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லுவார்கள். அவர் அதைப் பரிமாறுவார். அந்த உணவுக்காகவே தாங்கள் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்து மகிழ்ந்ததாக அவர்கள் சொல்லியிருக்கின்றார்கள். நம் ஜும்ஆ நாள் பிரியாணிக்கு நாம் விரோதிகளல்லர்; திண்டுக்கல்காரர்களிடம் அப்படிச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. கீரைச் சட்டியும் ஜும்ஆவின் மகிழ்ச்சியாக இருந்திருக்கின்றது என்பதை மட்டும் நினைவூட்டினோம்.

ஜமாஅத்துக்கு இதில் வேலை இருக்கின்றது. ரமளானில் முப்பது நாளும் நோன்புக் கஞ்சி காய்ச்சுகின்ற பள்ளிவாசல்களுக்கு, எத்தனை வீடு, எத்தனை தூக்கு, எத்தனை படி அரிசி என்று கணக்குப் போடத் தெரியும். இருபது வீட்டுக் கீரைக் கணக்கு அதைவிடப் பெரிதன்று. அடுத்தது மதரஸா வாசல். பள்ளிக்கூட வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனி விற்கக் கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி செய்தது. மாலையில் பிள்ளைகள் ஓத வரும் மதரஸாவுக்கு எதிரே அளவு நாடாவோடு எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அங்குள்ள கடைக்காரரிடம் ஜமாஅத்தார் அன்பாகப் பேசி, சுண்டலும் கடலையும் சிறுமலைப் பழமும் முன்வரிசைக்கு வரட்டும், பாக்கெட்டுகள் பின்னால் போகட்டும் என்று கேட்கலாம். முதல் ஒரு மாதம் மிஞ்சுகின்றதை ஜமாஅத்தே விலைக்கு வாங்கிக்கொள்வதாகவும் சொல்ல வேண்டும். அந்தச் சொல் இல்லாமல் வெறும் வேண்டுகோளோடு போகக் கூடாது.

இன்னொன்று, பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகள். பல ஊர்களில் வக்ஃபுக் கடைகள் யார் அதிக முன்பணம் தருவார்களோ அவர்களுக்கே போகின்றன. அவற்றில் ஒன்றைக் காய், பழம், முட்டை, சிறுதானியம் விற்பவருக்குக் குறைந்த வாடகைக்கு விடலாமே என்று சிலர் சொல்லுகின்றார்கள். இதில் எச்சரிக்கை வேண்டும். வக்ஃபுச் சொத்தை அதற்குத் தகுந்த வாடகைக்குக் குறைத்து விட முத்தவல்லிக்கு உரிமை கிடையாது. நல்ல நோக்கமும் அந்த உரிமையைத் தந்துவிடாது. இன்ன பொருள்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை செய்து, தகுந்த வாடகைக்கே விடலாம். அந்த வியாபாரத்தில் அவ்வளவு வாடகை கட்டாதென்றால், குறைகின்ற தொகையை மஹல்லாவின் வசதியுள்ளவர்கள் ஸதகாவாகத் தம் கையிலிருந்து மாதந்தோறும் பள்ளிவாசல் கணக்கில் கட்டட்டும். அதை ஜகாத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஜகாத் ஏழையின் கையில் அவருக்கே உடைமையாகப் போய்ச் சேர வேண்டிய பணம், கடை வாடகைக்கு உரியதன்று.